‘நேச்சுரல்’ என்று எழுதியிருந்த கிட்டாரைச் சுரண்டிப் பார்த்தேன்

நேற்று ராத்திரி கம்பி மாட்டினேன். பத்து வாரமாக, நடுவில் ஒரு வாரம் தவிர, கம்பியில்லாமல் மேசைமேல் கிடந்த கிட்டார். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத் தொடங்கிய வேலை இது. நடுவில் ஒருமுறை போட்ட பூச்சு மொத்தத்தையும் துடைத்தெடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதற்குக் காரணம் ஒரு பழைய பாட்டில். அந்தக் கதை பிறகு.

கிட்டார் கைமாறி வந்தது. முகப்பலகை ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கங்களும் மஹாகனி ஒட்டுப்பலகை, ஃப்ரெட்போர்டு (விரல் அழுத்தும் பலகை), பிரிட்ஜ் (முகத்தில் கம்பிகளைத் தாங்கும் கட்டை), ஒலித்துளையைச் சுற்றிய வளையம் மூன்றும் ரோஸ்வுட். உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் ‘நேச்சுரல்’ என்று அச்சடித்திருந்தது. வெறும் மரம், மேலே ஒன்றும் பூசவில்லை என்றுதான் அதை அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பளபளப்பைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முகத்தில் ஏதோ விழுந்து விரல்நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தபோதுதான் விழித்தேன். பெயர்ந்த இடத்தில் மங்கலான மரம். அதைச் சுற்றிப் பூச்சு மரத்தை விட்டு எழும்பி, அடியில் காற்று புகுந்து, வெள்ளையாக ஒரு வட்டம்.

ஒலித்துளை விளிம்பில், தடிப்பு அளக்கும் வெர்னியரை வைத்தேன். பூச்சோடு 3.2 மி.மீ. சில்லின் தடிப்பைத் தனியாக அளந்தால் 0.4. ஆக மரம் 2.8. இவ்வளவு மெல்லிய, அதிர வேண்டிய பலகையின்மேல் அதில் ஏழில் ஒரு பங்கு தடிப்புக்குப் பிளாஸ்டிக் உட்கார்ந்திருக்கிறது. ‘நேச்சுரல்’ என்பது நிறத்துக்கான பெயர், பூச்சுக்கான பெயர் அல்ல என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயம் சேர்க்கவில்லை, அவ்வளவே. மேலே பூசியிருப்பது நைட்ரோவா, பாலியா, அரக்கா, எண்ணெயா என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை.

எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கீழ்ப்பக்கத்தில் வார் மாட்டும் குமிழைக் கழற்றினால் அதன் அடியில் யார் கண்ணிலும் படாத சின்ன வட்டம் கிடைக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் முதலில் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் தேய்த்தேன். ஒட்டினால் அரக்கு. ஒட்டவில்லை. அடுத்து அசிட்டோன். இளகிக் குழைந்தால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அதற்கும் அசையவில்லை. அப்படியென்றால் ஏதோ ஒரு பாலி. இறுகிய பிறகு எந்தக் கரைப்பானிலும் திரும்பக் கரையாத சாதி. (அசிட்டோன் பைண்டிங்கை, அதாவது கிட்டாரின் ஓரத்தில் ஓடும் பிளாஸ்டிக் பட்டையை, உருக்கிவிடும். ஒரு சொட்டுகூட ஓரத்துக்கு ஓடக் கூடாது.) கிட்டார் தொழிற்சாலைகளில் அரக்கும் வார்னிஷும் போய், தெளித்தால் சட்டென்று காயும் நைட்ரோ வந்தது 1920களில். அதற்குப் பிறகு வந்தவை பாலியூரித்தேனும் பாலியெஸ்டரும். என்னுடையது அந்தக் கடைசிக் கூட்டம்.

சில்லு பெயர்ந்த இடத்தை மட்டும் ஒட்டி நிரப்பியிருந்தால் ஒரு மாலையோடு வேலை முடிந்திருக்கும். அதுதான் புத்திசாலித்தனமும்கூட. எனக்கு அடியில் இருக்கும் மரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

முதல் முட்டாள்தனம் சூடான காற்றை ஊதும் ஹீட் கன். காணொளிகளில் மேசையின் பூச்சை அப்படித்தான் உரித்தார்கள். தோல் மாதிரி சுருண்டு வந்தது. நான் கீழ் அகலப் பகுதியின் ஓரத்தில் ஆரம்பித்தேன். பூச்சு கொப்பளிப்பதற்கு முன்னால் பைண்டிங் பழுப்பேறி, ஒரு அங்குல நீளத்துக்கு வளைந்து எழும்பிவிட்டது. முகப்பலகைக்கு அடியில் விட்டங்கள் பசையால்தான் நிற்கின்றன, பிரிட்ஜும் பசையில்தான் நிற்கிறது, அந்தப் பசைக்கும் சூடு ஆகாது என்பது கன்னை அணைத்த பிறகு உறைத்தது. எழும்பிய பைண்டிங்கைப் பசை வைத்து டேப் போட்டு இறுக்கிக்கட்டினேன். பழுப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பிறகு ஸ்கிரேப்பர். கைப்பிடி இல்லாத வெறும் எஃகுத் தகடுதான். ஆனால் ஓரத்தை அரத்தால் சதுரமாக்கி, கல்லில் தீட்டி, உருண்டைக் கம்பியால் ஒரு முறை அழுத்தி இழுத்து ஓரத்தில் மயிரிழை அளவுக்குக் கொக்கி எழுப்ப வேண்டும். அந்தக் கொக்கி சரியாக அமைய எனக்கு ஒரு முழு மாலை போனது. அமைந்த பிறகு பூச்சு சுருள் சுருளாக வந்தது. கொக்கி மழுங்கினால் மாவாக வரும். தூள் வர ஆரம்பித்தால் நிறுத்தித் திரும்பத் தீட்ட வேண்டும், கையால் பலம் கொடுக்கக் கூடாது. நான்கு மாலை, மொத்தம் பதினோரு மணி நேரம். சுரண்டியதை எல்லாம் காகிதத்தில் கூட்டி எடை போட்டேன்: 52 கிராம். முகத்திலிருந்து மட்டும்.

பிரிட்ஜைக் கழற்றாமல் வேலை செய்ததுதான் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு. நன்றாக ஒட்டியிருப்பதை ஏன் அசைக்க வேண்டும் என்று விட்டேன். அதன் நான்கு மூலைகளிலும் ஸ்கிரேப்பர் நுழையாது. அங்கே சின்ன உளியின் முனையால் கால் கால் அங்குலமாகச் சுரண்டினேன், ஸ்ப்ரூஸில் இரண்டு வெட்டும் விழுந்தது. பதினோரு மணி நேரத்தில் மூன்று மணி நேரத்தை அந்தத் தீப்பெட்டி அளவு இடம் தின்றது.

பூச்சு போன மரத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருந்தது. வெளிறி, சாம்பல் பூத்த மாதிரி. பிக்கார்டு (கீறல் விழாமல் முகத்தில் ஒட்டும் தகடு) இருந்த இடம் மட்டும் இன்னும் வெளிறல். சுற்றியிருந்த ஸ்ப்ரூஸ் வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சளேறியிருக்க, பிக்கார்டுக்கு அடியில் இருந்த மரம் வெளிச்சமே காணாதது. கைக்கடிகாரம் கழற்றிய மணிக்கட்டு மாதிரி. தேய்த்தால் போகும் என்று உப்புத்தாளை எடுத்தேன். ஓரளவு குறைந்தது. முழுக்கப் போக வேண்டுமானால் பலகையைத்தான் தேய்க்க வேண்டும், 2.8 மி.மீட்டரில் அதற்கு இடமில்லை. விட்டுவிட்டேன்.

உப்புத்தாள் விஷயத்தில் ஒன்று. ஸ்ப்ரூஸின் ரேகையில் கறுத்த கோடு கெட்டி, வெளிறிய பகுதி மெத்து. தாளை விரலில் பிடித்துத் தேய்த்தால் மெத்தான பகுதி மட்டும் குழிந்து, பலகை அலை அலையாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, பளபளப்பு ஏறிய பிறகு தெரியும். மரக்கட்டையில் சுற்றி, ரேகையோடு மட்டும், 180, 220, 320 எண் தாள்கள் (எண் ஏற ஏறத் தாள் நுண்மையாகும்). விளக்கை மேலே வைக்காமல் மேசை மட்டத்தில் பக்கவாட்டில் வைத்தேன். ஒவ்வொரு தாளும் முடிந்ததும் நாப்தாவில் (சீக்கிரம் ஆவியாகும் பெட்ரோலியக் கரைப்பான்) நனைத்த துணியால் ஒரு துடைப்பு. ஈரமாக இருக்கும் அந்த அரை நிமிடத்தில் கீறல்கள் தெரியும், பூச்சு போட்டால் மரம் என்ன நிறத்தில் இருக்கும் என்பதும் தெரியும். தண்ணீர் மரத்தின் மயிரை எழுப்பிவிடும், நாப்தா எழுப்பாது. பாலி மிச்சமிருந்த இடங்கள் ஈரத்தை உறிஞ்சாமல் திட்டுத் திட்டாக நின்றன. அப்படி ஒன்பது இடம் சிக்கியது. நாப்தா தீப்பற்றும் சரக்கு, சன்னல் திறந்திருக்க வேண்டும்.

இந்த நிலையில் எனக்கு ஒரு யோசனை. இப்படியே விட்டால் என்ன? இதுதானே உண்மையான நேச்சுரல்? கம்பி மாட்டி ஒரு வாரம் வாசித்தேன். மூன்றாம் நாளே முன்கை படும் இடம் கறுக்க ஆரம்பித்தது. ஒலித்துளைக்குக் கீழே விரல் உரசும் இடத்தில் அழுக்கு ரேகைக்குள் இறங்கிவிட்டது. துடைத்தால் இன்னும் பரவுகிறது. மழை பெய்த இரண்டு நாளில் கம்பியின் உயரம் ஏறி, பன்னிரண்டாம் கட்டையில் விரல் அழுத்தவே சங்கடமாக இருந்தது. பூச்சு போட்டாலும் ஈரப்பதம் உள்ளே போகும்தான், ஆனால் மெதுவாகப் போகும். வெறும் மரம் குடிக்கிற வேகம் வேறு. கம்பியைக் கழற்றி, கறையைத் திரும்ப 220இல் தேய்த்து எடுத்தேன். அதில் இன்னொரு சிட்டிகை மரம் போனது.

இதற்கப்புறம்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். உடைந்த ஒரு கிட்டாரின் முகப்பலகைத் துண்டு கையில் இருந்தது. அதை நான்கு பட்டையாக டேப் ஒட்டிப் பிரித்து நான்கு சரக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆளிவிதை எண்ணெய் பட்டது எல்லாம் உறிஞ்சிக்கொண்டு திட்டுத் திட்டாகக் கறுத்தது. மூன்று வாரம் கழித்தும் வாசனை போகவில்லை. தண்ணீரில் கரையும் லாக்கர் மரத்தின் மயிரை எழுப்பியது, காய்ந்தபின் ஏதோ குளிர்ந்த சாயல், கண்ணாடி மூடிய படம் மாதிரி. ஸ்பிரே டப்பாவில் வரும் நைட்ரோ அழகாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் அடிக்க முடியாத நெடி, தகுந்த முகமூடியும் காற்றோட்டமும் என்னிடம் இல்லை. நான்காவது பட்டை அரக்கு, அதாவது ஷெல்லாக். பூசிய நொடியில் ரேகை உள்ளிருந்து எழுந்து வந்தது. குறுக்காக ஓடும் வெள்ளிச் சிலும்பல்கள், நான் அதுவரை அந்த மரத்தில் பார்த்தே இராதவை, விளக்கை நகர்த்தினால் கூடவே நகர்ந்தன. முடிவு அங்கேயே ஆகிவிட்டது. அரக்கு வியர்வைக்கும் சூட்டுக்கும் ஸ்பிரிட்டுக்கும் தாங்காது என்று தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன்.

முதல் நாளே ஒரு விபத்து. முகம் முழுக்க மெல்லிய அரக்கை ஒரே இழுப்பில் தடவினேன். துணி ஒலித்துளை வளையத்தைத் தாண்டியதும் அதன் பின்னால் ஊதாப் பழுப்பில் ஒரு வால் நீண்டது. ரோஸ்வுட்டின் சாயம் ஸ்பிரிட்டில் கரையும். கரைந்த சாயம் பக்கத்து ஸ்ப்ரூஸில் பாய்ந்துவிட்டது. இதை எங்கோ படித்தும் இருக்கிறேன்; படித்தது கையில் நிற்பதில்லை. ஸ்கிரேப்பரால் வெளுத்து எடுத்து, பிறகு சின்ன ஓவியத் தூரிகையால் ரோஸ்வுட் வளையத்தின்மேல் மட்டும், கோட்டைத் தாண்டாமல், மூன்று தடவை அரக்குப் பூசி மூடினேன். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி. பிரிட்ஜின் ஓரத்துக்கும் அப்படியே. அதற்குப் பிறகு சாயம் வரவில்லை.

இப்போது அந்தப் பாட்டில். வேறொரு வேலைக்காகக் கரைத்துவைத்த அரக்கு, முக்கால் பாட்டில், அலமாரியில் இருந்தது. நிறமும் நன்றாக இருந்தது. வீணாகப் போக வேண்டாமே என்று அதையே எடுத்தேன். ஆறு நாள், ஆறு அமர்வு. பளபளப்பு ஏறியது, மனசு நிறைந்தது. காயட்டும் என்று விட்டேன். நான்கு நாள் கழித்து விரலை வைத்தால் ரேகை பதிந்தது. வானிலையாக இருக்கும் என்று நினைத்தேன். பதினோராம் நாளும் பதிந்தது. நகத்தால் அழுத்தினால் மெழுகு மாதிரி குழிந்தது. மர வேலையில் தலை நரைத்த ஒருவரிடம் போனில் சொன்னேன்.

“தம்பி, அது எப்பக் கரைச்சது?”

“ஒன்றரை வருஷம் இருக்கும்ணே.”

“கண்ணாடியில ஒரு சொட்டு விட்டுப் பாத்தியா?”

பார்க்கவில்லை. ஸ்பிரிட்டில் கரைத்த நாளிலிருந்தே அரக்கு கொஞ்சம் கொஞ்சமாக அதோடு வினைபுரிந்து, இறுகும் தன்மையை இழக்கத் தொடங்கிவிடும். காய்ந்த சீவலாக இருக்கும்வரை வருஷக்கணக்கில் தாங்கும், கரைத்துவிட்டால் மாதக்கணக்குதான். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் மட்டும் மரத்தில் போடலாம். அன்று ராத்திரி விட்ட சொட்டு மூன்றாம் நாளும் ஒட்டியது.

ஆறு அமர்வையும் துடைத்தெடுக்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? நாற்பது நிமிடம். ஸ்பிரிட்டில் நனைத்த பனியன் துணி, துணியைத் திருப்பித் திருப்பித் துடைத்தால் மொத்தமும் வந்துவிட்டது. பாலியைக் கழற்ற பதினோரு மணி நேரம் சுரண்டிய எனக்கு, அந்த நாற்பது நிமிடத்தில் எரிச்சலைவிட மரியாதைதான் கூடியது.

புதுக் கலவை: மெழுகு நீக்கிய வெளிர் சீவல் 60 கிராம், ஸ்பிரிட் 250 மி.லி. பழைய அமெரிக்கக் கணக்கில் இதை ‘2 பவுண்டு கட்’ என்பார்கள். ஒரு காலனுக்கு இரண்டு பவுண்டு சீவல். இதில் பாதியை எடுத்து அதே அளவு ஸ்பிரிட் சேர்த்தால் ‘1 பவுண்டு கட்’, முதல் பூச்சுக்கும் கடைசிக்கும் அது. சீவலை உரலில் நுணுக்கிப் போட்டால் சீக்கிரம் கரையும். நான் நுணுக்கவில்லை, ஒரு நாள் பிடித்தது, மணிக்கொரு தரம் குலுக்கினேன். மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டல். ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கக்கூடும், கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

பூசுவதற்குத் தூரிகை இல்லை. கம்பளி நூல் உருண்டையைப் பழைய, பலமுறை துவைத்த பருத்தித் துணியில் சுற்றிக் கட்டிய ஒரு பொதி, எலுமிச்சைக்குக் கொஞ்சம் பெரிசு. ஸ்பெயின் கிட்டார் தச்சர்கள் இதை ‘முன்யேகா’ என்கிறார்கள். அந்த மொழியில் அதற்குப் பொம்மை என்றும் மணிக்கட்டு என்றும் இரண்டு பொருள். வேலை செய்து பார்த்தால் இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது. பொதிக்குள் ஒரு தேக்கரண்டி அரக்கு, நாலு சொட்டு ஸ்பிரிட், அடிப்பக்கத்தில் விரலால் தொட்டு வைத்த ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய். எண்ணெய் வழுக்குவதற்கு மட்டும். கூடினால் பூச்சுக்கு அடியில் சிக்கிக்கொண்டு பிறகு வியர்க்கும். காகிதத்தில் தட்டிப் பார்த்தால் ஈரம் தெரிய வேண்டும், குளம் கட்டக் கூடாது.

விதி ஒன்றுதான்: பொதி முகத்தில் நிற்கவே கூடாது. கை ஓடிக்கொண்டிருக்கும்போதே தொட வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். முதலில் சின்ன வட்டங்கள், பிறகு எட்டு, கடைசியில் ரேகையோடு நேர் இழுப்பு. சரியாகப் போகும்போது பொதிக்குப் பின்னால் மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி ஒரு ஆவித்தடம் தோன்றி இரண்டு நொடியில் மறையும். அந்தத் தடம் தெரியும்வரை போகலாம். தடம் நின்றால் பொதி காய்ந்துவிட்டது. ஒட்டுகிற உணர்வு வந்தால் உடனே எடுத்துவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பார்க்க வேண்டும்.

மூன்றாவது அமர்வில் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு இடம் மங்கலாக இருக்கிறதே என்று ஈரத்தின்மேலேயே அழுத்தித் தேய்த்தேன். பொதி பிடித்துக்கொண்டு, ரூபாய் நாணயம் அளவுக்குப் பூச்சைக் கிழித்துத் தன்னோடு எடுத்துக்கொண்டது. அதைத் தொடத் தொட மோசமாகிறது. இரண்டு நாள் தொடாமல் விட்டு, 600 தாளில் துளி எண்ணெய் வைத்து ஓரங்களைச் சமன் செய்து, மேலே தொடர்ந்தேன். இப்போது அந்த இடம் எது என்று எனக்கே தெரியாது. தேய்ந்த இடம் எங்காவது இருக்கிறதா என்று பார்க்க ஒரு தந்திரம்: இருட்டில் புற ஊதா டார்ச்சை அடித்தால் அரக்கு ஆரஞ்சு சாயலில் ஒளிரும். பூச்சு மெலிந்த இடம் மங்கலாகத் தெரியும். பைண்டிங் ஓரம் முழுக்க மெலிந்திருந்தது அப்படித்தான் தெரிந்தது.

ஏழாவது அமர்வு மழை நாளில். முகம் பால் தெளித்த மாதிரி வெளுத்தது. காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொள்வதால் வருவது. பதறவில்லை, ஏனென்றால் இதற்குள் நான் அந்தச் சரக்கின் குணத்தைப் புரிந்துகொண்டிருந்தேன். வெயிலடித்த நாளில் ஸ்பிரிட் மட்டும் தொட்ட, கிட்டத்தட்டக் காய்ந்த பொதியால் மேலாக இரண்டு இழுப்பு, வெண்மை போய்விட்டது. அதற்குப் பிறகு ஈரப்பதமானி 60 சதவீதத்தைத் தாண்டிய நாள்களில் பொதியைத் தொடவில்லை.

பன்னிரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். ஸ்ப்ரூஸில் நிரப்ப வேண்டிய துளைகள் இல்லாததால் தப்பித்தேன். மஹாகனியோ ரோஸ்வுட்டோ என்றால் நுரைக்கல் தூள் போட்டுத் துளை நிரப்பும் வேலை தனி. பிறகு பத்து நாள் சும்மா வைத்தேன். முதல் நாள் கண்ணாடியாக இருந்த முகத்தில் பத்தாம் நாள் ரேகைகள் லேசாக எழும்பித் தெரிந்தன. உள்ளே இருந்த ஸ்பிரிட் போகப் போகப் பூச்சு சுருங்கி மரத்தோடு படிகிறது. இதை எதிர்பார்க்காமல் அவசரப்பட்டு முடித்திருந்தால் அலையோடுதான் இருந்திருக்கும். 1000 தாளில் எண்ணெய் தொட்டு மட்டம் செய்து, மேலே மூன்று மெல்லிய அமர்வு. இந்தக் கட்டத்தில் சோப்புத் தண்ணீர் வேண்டாம். அரக்குக்கு காரம் ஆகாது.

கண்ணாடிப் பளபளப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நாலு நாள் கழித்து மிக நுண்ணிய எஃகு நாரான 0000 ஸ்டீல் உல்லில் மெழுகு தொட்டு ரேகையோடு இருபது இழுப்பு. மென்மையான மங்கல் வந்தது. மங்கல் என்பது நுண்ணிய கீறல்கள்தான், வேறொன்றும் இல்லை. தொழிற்சாலையில் அதற்கு நுண்ணிய சிலிகாத் தூளைப் பூச்சிலேயே கலக்கிறார்கள். கை படுகிற இடம் நாளாக ஆகப் பளபளக்கத்தான் செய்யும்.

முதுகையும் பக்கங்களையும் உரிக்கவில்லை. ஒட்டுப்பலகையின் மேல் ஏடு எவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரியாது. ஸ்கிரேப்பர் ஒருமுறை தாண்டினால் அடிப்பலகை பல்லிளித்துவிடும். இருந்த பாலியையே 1500 தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சாம்பல் நிற நார்ப்பட்டையால் மங்கலாக்கினேன். ஒரு மணி நேரம். மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் முகத்துக்கும் முதுகுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

நெக்கின், அதாவது கிட்டாரின் கழுத்தின், பின்பக்கம் மட்டும் எண்ணெய். அங்கே பளபளப்பு பெருவிரலில் ஒட்டும், வியர்வையும் அதிகம், அரக்கு நிற்காது. பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, துப்பாக்கிக் கட்டைக்குப் போடும், வெந்து இறுகிய ஆளி எண்ணெய்க் கலவையை விரலால் தேய்த்து, பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாளைக்கு ஒன்று வீதம் ஆறு தடவை. மஹாகனியில் எண்ணெய் அழகாக இறங்குகிறது. ஸ்ப்ரூஸில் கெட்ட பெயர் வாங்கிய அதே சரக்கு. எச்சரிக்கை இங்கேதான். துடைத்த துணிகளை உருட்டி மூலையில் போட்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் உருண்டையின் நடு சுடுகிறது. இந்த எண்ணெய் காயும்போது சூட்டைக் கக்கும். குவித்து வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். எழுதியதைப் படித்திருந்தும் கையில் சூடு பட்டபோது முதுகு சில்லிட்டது. அன்றிலிருந்து துணியைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு, பிறகு வெளியே விரித்துக் காயவைக்கிறேன்.

ஒலி மாறியதா என்று கேட்பீர்கள். வேலைக்கு முன்னால் பதிவு செய்து வைத்தேன், நேற்றும் பதிவு செய்தேன். நேற்றைய பதிவு துலக்கமாக இருக்கிறது. ஆனால் முன்னது ஆறு மாதப் பழைய கம்பி, நேற்றையது புதுக் கம்பி. ஒப்பீடு செல்லாது. எடைக் கணக்கை மட்டும் சொல்ல முடியும்: முகத்திலிருந்து போனது 52 கிராம் பாலி. பன்னிரண்டும் மூன்றும் சேர்த்துப் பதினைந்து அமர்வுக்கும் செலவான அரக்குச் சீவலே சுமார் 40 கிராம்தான். பொதியில் தங்கியது, உப்புத்தாளில் போனது எல்லாம் கழித்தால் முகத்தில் இருப்பது அதில் பாதிகூட வராது.

செலவைப் பார்த்தால் அரக்கு மலிவு. பாதிப் பணம் உப்புத்தாளுக்குப் போனது, அதில் பாதி நானே கறைப்படுத்தி நானே தேய்த்ததற்கு. அதற்கடுத்து ஸ்பிரிட், பழைய பாட்டிலை நம்பிப் போட்டதைத் துடைக்கவே கால் லிட்டர். ஸ்கிரேப்பர் தகடு வாங்கியதிலேயே மலிவான சாமான், அதிகம் உழைத்ததும் அதுதான். கை வேலை ஏறக்குறைய 45 மணி நேரம். மற்ற நாள்கள் எல்லாம் காத்திருந்தவை.

அடுத்த முறை பிரிட்ஜை முதலிலேயே கழற்றிவிடுவேன்; திரும்ப ஒட்டும்போது அதன் அடியில் பூச்சு இல்லாமல் மரமும் மரமும் சேர வேண்டும் என்பதால், அந்த இடத்தை டேப் போட்டு மறைத்துவிட்டுப் பூசுவேன். சோதனைத் துண்டை முதல் நாளே எடுப்பேன். ரோஸ்வுட்டை மூடாமல் ஸ்பிரிட்டைப் பக்கத்தில் கொண்டுபோக மாட்டேன். பிக்கார்டைத் திரும்ப ஒட்டவில்லை. அந்த வெளிறல் இப்போது தேன் நிறத்துக்குக் கீழே இலை வடிவில் தெரிகிறது. சன்னலோர வெளிச்சத்தில் வைத்திருக்கிறேன், எவ்வளவு நாளில் சுற்றியிருக்கும் மரத்தை எட்டிப் பிடிக்கிறது என்று பார்க்க.

நேற்று வாசித்ததில் ஒலித்துளைக்குக் கீழே அதற்குள் ஒரு நகக்கீறல். காலையில் பொதியை எடுத்து ஆறு இழுப்பு இழுத்தேன், காணோம். பாட்டிலில் கெட்டிக் கலவை இன்னும் 80 மி.லி. மிச்சம் இருக்கிறது. மூடியில் டேப் ஒட்டி, கரைத்த தேதியை எழுதி வைத்திருக்கிறேன்.